நாற்பது அடிக்கும் எட்டு அடிக்கும் ஒரு லென்ஸ்

சுங்குவார்சத்திரத்தைச் சுற்றிப் பத்து ஊரில் முகம் என்று ஒன்று இருந்த எல்லோரையும் தாண்டவராயன் படம் எடுத்திருக்கிறான். கல்யாணம், காதுகுத்து, வேலைக்கு மனுப்போட பாஸ்போர்ட் சைஸ், கடைசியில் செத்தவர்களை நாற்காலியில் சாய்த்து உட்கார வைத்து ஒரு படம், எல்லாவற்றுக்கும் அவன்தான். அவன் ஸ்டுடியோவுக்கும் என் தையல் கடைக்கும் நடுவில் ஒரு மூங்கில் தட்டிதான் மறைப்பு. அந்தத் தட்டிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உட்கார்ந்து இருபது வருஷத்துக்கு மேல் சண்டை போட்டிருக்கிறோம். ஆகவே அவனைத் திட்ட எனக்கு உரிமை உண்டு. பலராமன் முன்கோபி என்று ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். சொல்லட்டும், எனக்கென்ன.

கடைசி ஆறு வருஷம் அவன் படம் எடுத்து முடித்தால் வாயைத் திறக்க மாட்டான். போகலாம் என்று கையை மட்டும் அசைப்பான். புதிதாய் வந்தவர்கள் அவனை ஊமை என்றே நினைத்தார்கள். அவன் ஏன் அப்படி ஆனான் என்பது எனக்குத் தெரியும், யாக்கோபுக்குத் தெரியும். மூன்றாவது ஆளுக்கு இப்போதுதான் சொல்கிறேன்.

பெண் பிறந்த மூன்றாம் வருஷமே அவன் பெண்டாட்டி காமாலையில் போய்விட்டாள். இன்னொரு கல்யாணம் பண்ணிக்கொள் என்று ஊரே சொல்லியும் அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து ஸ்டுடியோவிலேயே வைத்துக்கொண்டான். அவள் பெயர் காந்திமதி. கடைப் பலகையிலும் 'காந்திமதி ஸ்டுடியோ' என்றே எழுதினான்.

அவள் வளர்ந்தது ஸ்டுடியோவில், கேமராவுக்கு எட்டு அடி தள்ளிக் கிடந்த முக்காலியில்தான். யாராவது படம் எடுக்க வந்தால், முதலில் அவளை அதில் உட்கார வைத்து விளக்கைச் சரிபார்ப்பான். அவன் வைத்திருந்த விளக்குக்கும் பிலிமுக்கும் படம் பதிய அரை வினாடி, சில சமயம் ஒரு வினாடிகூட ஆகும். அதற்குள் ஆள் அசைந்தால் முகம் கலைந்துவிடும். அதனால் அவளுக்கு அவன் ஒரே ஒரு சட்டம் போட்டிருந்தான். "அப்பா ஆச்சுன்னு சொல்ற வரைக்கும் அசையக் கூடாது கண்ணு." கொசு கடித்தாலும் அசைய மாட்டாள். கண்ணில் நீர் கோத்துக்கொள்ளும், இமைக்க மாட்டாள். "ஆச்சு கண்ணு" என்று அவன் சொன்ன பிறகுதான் முக்காலியிலிருந்து குதித்து, வெட்டுத்துணி பொறுக்க என் கடைக்கு ஓடி வருவாள்.

ஒருநாள் அவளை உட்கார வைத்து விளக்கைத் திருப்பிக்கொண்டிருந்தவனை யாரோ வெளியே கூப்பிட்டார்கள். இவன் பேச்சுவாக்கில் டீக்கடைக்குப் போய்விட்டான். அரைமணி கழித்து நான் எட்டிப் பார்த்தால் பெண் வைத்தது வைத்தபடி உட்கார்ந்திருக்கிறது. "அடப்பாவி, கொழந்தைய மறந்துட்டுப் போய் டீ குடிக்கிறானே, இவனெல்லாம் ஒரு மனுசனா!" என்று நான் கத்தினேன். அவள் உதட்டை அசைக்காமல் என்னை அதட்டினாள். "சும்மா இரு மாமா. அப்பா இன்னும் சொல்லல."

எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிற்றெரிச்சலும் வந்தது. அப்போது அவளுக்கு ஆறு வயது.

பத்தொன்பது வயதில் யாக்கோபு வந்தான். மொளச்சூர்ப் பக்கத்துக் காலனிப் பையன், வேதக்காரன், ரைஸ் மில்லில் மெஷின் ஓட்டுகிறவன். வேலைக்கு மனுப்போடப் படம் எடுக்க வந்தவன், மூன்று முறையும் சரியான நேரத்தில் கண்ணை மூடிவிட்டான். மூன்றாம் முறை காந்திமதி சிரித்துவிட்டாள். தட்டிக்கு இந்தப் பக்கம் இருந்த எனக்கும் அந்தச் சிரிப்புக் கேட்டது. எட்டு மாதம் கழித்து இரண்டு பேரும் சர்ச்சில் கல்யாணம் பண்ணிக்கொண்டார்கள்.

தாண்டவராயன் அவளைத் தலைமுழுகினான். எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரு முறை இருந்தது. சாதி விட்டுப் போன பெண்ணைச் செத்தவளாக நினைத்து ஏரியில் இறங்க வேண்டும். மூன்று முழுக்குப் போட்டுவிட்டு, கட்டியிருந்த வேட்டியைத் தண்ணீரிலேயே விட்டுவிட்டு ஏற வேண்டும். அதற்கப்புறம் பேச்சுவார்த்தை கிடையாது, அவள் முகத்தில் முழிக்கக் கூடாது. அன்றைக்குக் கரையில் பங்காளிகள் பத்துப் பேர் சாட்சிக்கு நின்றார்கள். மாற்று வேட்டியை வைத்துக்கொண்டு நின்றவன் நான். நானும் அன்றைக்கு யோக்கியன் இல்லை. 'போயும் போயும் காலனிக்காரனா கெடச்சான் இவளுக்கு' என்று நானும்தான் பல்லைக் கடித்தேன். இப்போது மறைத்து என்ன ஆகப்போகிறது.

மற்றவர்கள் முழுக்கோடு விடுவார்கள். இவன் படக்காரன் ஆயிற்றே. அவளுடைய நெகட்டிவ் எல்லாவற்றையும் பிஸ்கட் டின்னில் போட்டு, மேலே கல்லை வைத்து, ஏரியில் அமிழ்த்தினான். படங்களைக் கட்டாக எடுத்து வீசினான். அவை முழுகவில்லை. மொட்டையடித்த காந்திமதி, பாவாடை கட்டிய காந்திமதி, பூ வைத்துப் பின்னிய காந்திமதி எல்லாம் மிதந்து மிதந்து கரைக்கே திரும்பி வந்தன. ஒரு கழியை எடுத்து அவற்றைத் தள்ளித் தள்ளி விட்டான். வீட்டுக்கு வந்ததும் ஏணி போட்டு ஏறிக் கடைப் பலகையில் 'மதி'யை அழித்தான். அன்று முதல் அது 'காந்தி ஸ்டுடியோ'. இவன் கதர் கட்சியில் சேர்ந்துவிட்டான் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள்.

மூன்று வருஷம் அவள் பெயரை அவன் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. எண்பத்திரண்டில் ஒருநாள், தட்டிக்கு அந்தப் பக்கமிருந்து திடீரென்று சொன்னான்.

"பலராமா, எனுக்கு அவ மொகம் மறந்துபூட்ச்சுடா."

மெஷினை நிறுத்தினேன்.

"கண்ண மூடினா முக்காலி வருது. மேல ஆளு வரல. ஊரு மொகம் எல்லாம் வருது, அவ மொகம் வரல."

வேண்டும் உனக்கு என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை.

அடுத்த மாதமே காந்திமதி எங்கள் கண்ணில் பட ஆரம்பித்தாள். எங்கள் கடைகளுக்கு நேர் எதிரே, ரோட்டுக்கு அந்தப் பக்கம், புளியமரத்தடியில் காஞ்சிபுரம் பஸ் நிற்கும். வியாழக்கிழமை பத்து மணிக்கு யாக்கோபு அவளைச் சைக்கிளில் கொண்டுவந்து விட்டுவிட்டு மில்லுக்குப் போவான். அவள் பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போவாள். வயிறு தெரிந்தது. முதல் தடவை பார்த்ததும் தாண்டவராயன் இருட்டறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். பஸ் போன பிறகுதான் வெளியே வந்தான்.

நான் விடவில்லை. "டேய், முழுகாம கீறாடா அவ. ஏழாம் மாசம் வளையல் போட்டு வூட்டுக்குக் கூட்டிகினு வர்றது பெத்தவன் கடமை. தாயும் இல்லாத பொண்ணு. போய்க் கூப்புடு."

"தலைமுழுகிட்டேன்டா. பத்துப் பேரு பாத்தாங்க."

"அந்தப் பத்துப் பேருமா வந்து உனுக்குச் சோறு ஆக்கிப் போடறானுங்க?"

"மொகத்துல முழிக்க மாட்டேன்னு தண்ணில நின்னு சொல்லிகிறேன். கிட்ட போவக் கூடாது. தூரத்துல இருந்து ஒரு படம் எடுத்துக்கறேன், அது போதும் எனுக்கு. கண்ணாடி வழியா பாக்கறது பாக்கறதுல சேராது."

இப்படி ஒரு சமாதானத்தை எவனாவது கண்டுபிடிப்பானா? இவன் கண்டுபிடித்தான். அவனிடம் ஒரு பழைய ரஷ்யக் கேமரா இருந்தது. அதில் லென்ஸைத் திருகிக் கழற்றி வேறு மாட்டலாம். தூரத்தில் இருக்கும் முகத்தைக் கிட்டக் கொண்டுவரும் லென்ஸ் ஒன்று வாங்க வேண்டும், மெட்ராசுக்குத் துணைக்கு வா என்றான். போவதற்கு முன் தூரத்தை அளக்க வேண்டுமாம். ஒரு மத்தியான வேளையில் என்னுடைய அறுபது அங்குல டேப்பைப் பிடுங்கிக்கொண்டு போய், என் மெஷினிலிருந்து புளியமரம் வரைக்கும் ரோட்டில் குந்திக் குந்தி அளந்தான். எட்டு டேப்பு. நாற்பது அடி. இரண்டு பக்கமும் லாரிக்காரர்கள் அவன் வம்சத்தையே இழுத்துத் திட்டினார்கள். "டேய், டேப்பு போச்சுன்னா உன்னச் சும்மா வுட மாட்டேன்" என்று நானும் என் பங்குக்குக் கத்தினேன்.

மவுண்ட் ரோட்டில் புது லென்ஸ் விற்கும் கடையில் ஜப்பான் லென்ஸ் ஒன்றைக் காட்டினார்கள். விலையைக் கேட்டதும் நான் எழுந்து நின்றுவிட்டேன். என் கடையை மெஷினோடு விற்றாலும் பாதி தேறாது. பக்கத்துச் சந்தில் பழைய கேமரா வாங்கி விற்கும் பாய் ஒருவர் இருந்தார். அவரிடம் போனோம். கல்யாணத்துக்கு வைத்திருந்த பிளாஷ் விளக்குகளை விற்ற காசு தாண்டவராயன் மடியில் இருந்தது.

"இன்னா எடுக்கப் போறீங்க? பறவையா, கிரிக்கெட்டா?" என்று கேட்டார் பாய்.

"மொகம்."

"மொகம்தானே, இத எடுத்துக்கோங்க." நூற்று முப்பத்தைந்து என்று போட்ட ஒரு லென்ஸை வைத்தார். "ஒரே அளவுதான், ஆனா பளிச்சுனு வுழும். மேகம் மூடினாலும் எடுக்கலாம். பத்து அடியில ஆள நிக்க வெச்சீங்கன்னா மூக்கும் முழியும் அப்படியே வரும். மொகம் எடுக்கற ஆளு எல்லாரும் இதான் கேக்கறாங்க."

"ஆளு நாப்பது அடியில நிப்பாங்க."

"நாப்பது அடியா?" பாய் நிமிர்ந்து பார்த்தார். "அப்ப இந்த இருநூறு. நம்பர் ஏற ஏறத் தூரத்து ஆளு கிட்ட வருவாங்க. நாப்பது அடியில ஆளு தலையிலருந்து காலு வரைக்கும் வருவாங்க. மொகம் மட்டும் வோணும்னா பிரிண்ட் போடும்போது பெரிசு பண்ணிக்கலாம். கொஞ்சம் பொரிபொரியா இருக்கும், பரவால்ல."

தாண்டவராயன் அதை மாட்டி, சந்தின் கோடியில் நின்ற ரிக்ஷாக்காரரைப் பார்த்தான். திருப்தியாகத்தான் தலையாட்டினான். பிறகு மெதுவாகக் கேட்டான். "ஆளு கிட்ட வந்துட்டா?"

"எவ்ளோ கிட்ட?"

"எட்டு அடி."

"பத்து அடிக்குள்ள வந்தா இதுல மங்கிப்போவும். தேறாது."

உடனே அதைக் கழற்றி வைத்துவிட்டான். பாய் தலையைச் சொறிந்துகொண்டு உள்ளே போய், தடியாக ஒன்றை எடுத்து வந்தார். எண்பதிலிருந்து இருநூறு வரைக்கும் மாற்றிக்கொள்ளும் ஜூம் லென்ஸ். குழாயைத் தன் பக்கம் இழுத்தால் தூரத்து ஆள் கிட்ட வருவார், முன்னால் தள்ளினால் கிட்டத்து ஆள் அடங்குவார். பாய் நல்ல மனிதர், குறையை மறைக்கவில்லை. கனம் அதிகம். வெளிச்சம் கம்மியாகத்தான் வாங்கும், நல்ல வெயில் வேண்டும். உள் கண்ணாடியில் ஓரமாக அரிசி நொய் அளவுக்குப் பூஞ்சை பிடித்திருந்தது. "மூணுலயும் இதுதான் சுமார். மொகத்துக்கு நான் இதச் சொல்ல மாட்டேன்" என்றார்.

"இது போதும்."

"ஒரு நிமிசம் சார். ஒரே ஆளு, நாப்பது அடியிலயும் நிப்பாங்க, எட்டு அடிக்கும் வருவாங்கன்றீங்க. நீங்களே நாலு எட்டு நடந்து அவங்க கிட்ட போயிட்டா வேல முடிஞ்சுதே. கால் நல்லாத்தானே இருக்கு? இந்தக் காசு எதுக்குத் தண்டம்?"

தாண்டவராயன் மடியிலிருந்த காசை எடுத்து எண்ண ஆரம்பித்தான். பாய் என்னைப் பார்த்தார். நான் மேலே ஓடாமல் நின்ற மின்விசிறியைப் பார்த்தேன்.

"யாரு சார் அது?"

"பொண்ணு."

"யாரு பொண்ணு?"

"என் பொண்ணு பாய்."

பாய் லென்ஸின் முன் கண்ணாடியைப் பனியன் துணியால் நெடுநேரம் துடைத்தார். நாங்கள் கேட்காமலே விலையைக் குறைத்தார்.

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டான். செம்பரம்பாக்கம் ஏரி வந்ததும் லென்ஸை வெளியே நீட்டி, "பலராமா, வல போடறவனோட மீச தெரியுதுடா" என்று குழந்தை மாதிரி கூவினான். நான் கேட்டேன், "அவ கிட்ட வருவான்னா நெனைக்கிற?" லென்ஸை மடியில் வைத்துக்கொண்டு, "வந்தா?" என்றான். அவ்வளவுதான் சொன்னான். பாவி, ஆசையை அவ்வளவு வைத்துக்கொண்டு வாயை மட்டும் எங்கே அடகு வைத்தானோ.

வியாழக்கிழமை வந்தது. தைத்துத் தொங்கவிட்ட ஜாக்கெட்டுகளுக்கும் ஒரு காக்கி அரை டிராயருக்கும் நடுவில் லென்ஸை நீட்டிக்கொண்டு என் கடைக்குள் நின்றான். நல்ல வெயில். யாக்கோபு அவளை இறக்கிவிட்டுப் போனான். காந்திமதி பச்சைப் புடவை கட்டியிருந்தாள். பையைக் கீழே வைத்தாள், முந்தானையைச் சரிசெய்தாள், எங்கள் பக்கம் ஒருமுறை பார்த்தாள். அப்புறம் அப்படியே நின்றுவிட்டாள். காஞ்சிபுரம் பஸ் வந்தது, நின்றது, போயிற்று. அவள் ஏறவில்லை. இரண்டாவது பஸ்ஸும் போயிற்று. இவன் கேமராவைக் கீழே இறக்கி, குனிந்து பைக்குள் வைத்த பிறகு வந்த மூன்றாவது பஸ்ஸில்தான் ஏறினாள்.

"ஏன்டா பஸ்ஸ வுட்டா?" என்று கேட்டேன்.

"கூட்டமா இருந்துச்சு."

"கூட்டமா? காலிப் பஸ்ஸுடா அது."

அவன் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். அடுத்த வியாழனும் அப்படியே நடந்தது. அதற்கடுத்த வியாழனும். பிறகு ஒருநாள் பகல் சாப்பாட்டு நேரத்தில் அவன் என்னை இருட்டறைக்குள் கூப்பிட்டான். சிவப்பு விளக்கடியில், மருந்துத் தண்ணீரில் மூன்று காகிதங்கள் கிடந்தன. மூன்றிலும் காந்திமதியின் முகம். பொரிபொரியாகத்தான் இருந்தது, ஓரத்தில் பூஞ்சை லேசாக வெளுத்திருந்தது. ஆனால் கண் இரண்டும் மூன்று படத்திலும் நேராக எங்களையே பார்த்தன. ஒளிந்து நின்று எடுத்த படமா அது? முக்காலியில் உட்கார வைத்து எடுத்த படம்.

எனக்கு அப்போதுதான் விளங்கிற்று. அவன் சட்டையைப் பிடித்துவிட்டேன்.

"டேய், அவளுக்குத் தெரியும்டா! மூணு வாரமா உனுக்காக நிக்கிறாடா வெயில்ல, வவுத்துப் புள்ளைய வெச்சிகினு. நீ ஆச்சுன்னு சொல்ற வரைக்கும் அசையக் கூடாதுன்னு நீதானேடா கத்துக்குடுத்த!"

"தெரியும்" என்றான். "மொத நாளே தெரியும்."

"தெரிஞ்சுகினா சொல்லாம இருந்த?"

"சொல்லிட்டா போயிடுவாளேடா."

என் கை தானாகச் சட்டையை விட்டுவிட்டது. அவன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அழுதான். நானும் அழுதேன், சொல்ல எனக்கு வெட்கம் இல்லை.

அன்றே முடிவு பண்ணினோம். அவளுக்கு ஏழாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. வருகிற வியாழக்கிழமை அவன் ஆச்சு என்று சொல்ல வேண்டும், சொல்லிவிட்டு வீட்டுக்குக் கூப்பிட வேண்டும். பங்காளிகளுக்குப் பதில் நான் சொல்லிக்கொள்கிறேன் என்றேன். என் சம்சாரம் பாஞ்சாலி ஸ்ரீபெரும்புதூர் போய் இரண்டு டஜன் கண்ணாடி வளையல் வாங்கி வந்தாள். தாண்டவராயன் முகம் மழித்துக்கொண்டு, வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு காலை எட்டு மணிக்கே வந்துவிட்டான். கேமராவும் கையில் இருந்தது. அது எதுக்கு என்று கேட்டதற்கு, "இருக்கட்டும்டா, கைக்கு ஒரு துணை" என்றான்.

காந்திமதி வந்தாள். மரத்தடியில் நின்றாள். இவன் கேமராவைக் கண்ணில் வைத்தான், அவள் அசையாமல் நின்றாள். முதல் பஸ் போயிற்று. அப்புறம் அவள் என்ன நினைத்தாளோ, பையை மரத்தடியிலேயே விட்டுவிட்டு ரோட்டில் இறங்கினாள். ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எங்களை நோக்கி நடந்து வந்தாள். முப்பது அடி. இருபத்தைந்து அடி. அவள் கிட்ட வர வர இவன் லென்ஸை முன்னால் தள்ளிக்கொண்டே போனான். நடு ரோட்டில் நின்றுவிட்டாள். பாதித் தூரம் அவள் வந்துவிட்டாள், மீதிப் பாதிக்கு இவன் வாயைத் திறந்தால் போதும். கண்ணை இமைக்காமல் லென்ஸையே பார்த்தாள். இவன் விரல் அழுத்திற்று. க்ளிக் என்ற சத்தம் எனக்குக் கேட்டது.

"சொல்லுடா" என்று அவன் முதுகில் இடித்தேன். "சொல்லித் தொலைடா!"

அவன் வாயைத் திறந்தான். சத்தம் வரவில்லை. அதற்குள் மெட்ராஸ் பக்கமிருந்து வந்த லாரி ஒன்று விடாமல் ஹாரன் அடித்தது. அவள் பின்னாலேயே நகர்ந்து நகர்ந்து மரத்தடிக்குப் போய்விட்டாள். பின்னோடு பஸ்ஸும் வந்தது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள்.

"அடுத்த வாரம்டா" என்றான். "சத்தியமா அடுத்த வாரம் சொல்லிடறேன்."

கையிலிருந்த கத்தரிக்கோலைத் தரையில் விட்டெறிந்தேன். ஒரு வாரம் அவனோடு பேசவில்லை. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அன்றைக்கு நானாவது, "வாம்மா காந்திமதி" என்று ஒரு குரல் கொடுத்திருக்கலாம். பெற்றவன் கூப்பிடட்டும் என்று நின்றேன். என்னையும் மாமா என்று கூப்பிட்டு வளர்ந்த பெண்தானே அவள். இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

அடுத்த வியாழக்கிழமை அவள் வரவில்லை. காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் அத்தனை பஸ்ஸும் வந்து போயின. அவன் ஜாக்கெட்டுகளுக்கு நடுவில் நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் யாக்கோபு வந்தான். ஸ்டுடியோ வாசற்படிக்குக் கீழேயே நின்றான். கால் நிறையச் சேறு.

"மாமா" என்றான். அவன் அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "நேத்து விடியறப்பவே அவளுக்கு வலி வந்துட்ச்சு. இன்னும் நாளு இருக்குதேன்னு இருந்துட்டோம். ரத்தம் நிக்கல. வண்டி கட்டிகினு ரோட்டுக்கு வர்றதுக்குள்ள போயிட்டா. கொழந்த கீது, பொம்பளப் புள்ள."

தாண்டவராயன் அவனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"வியாழக்கெழமன்னா அந்தப் பச்சப் பொடவையத்தான் எடுப்பா. ஆசுபத்திரிக்குப் போறதுக்கு இன்னாத்துக்கு இவ்ளோ நல்ல பொடவன்னு கேட்டேன். எங்க அப்பா படம் எடுக்கறாரு, ஆச்சுன்னு சொன்னாருன்னா நேரா வூட்டுக்குப் போயிடுவேன், நீ தேடாதேன்னு சொன்னா." யாக்கோபு முகத்தைத் துடைத்துக்கொண்டான். "எங்க வூட்டுல அவ படம் ஒண்ணுகூட இல்ல. நீங்க எடுத்ததுல ஒண்ணு குடுங்க. பொட்டி மூடறதுக்குள்ள வந்து பாக்கறதுன்னா வாங்க. இல்லாட்டியும் நான் தப்பா நெனைக்க மாட்டேன்."

தாண்டவராயன் உள்ளே போனான். மூன்று படத்தையும் எடுத்து யாக்கோபு கையில் கொடுத்தான். கேமராப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு முதல் ஆளாக ரோட்டில் இறங்கினான். பங்காளி ஒருவன் டீக்கடையிலிருந்து கையை நீட்டி ஏதோ கேட்டான். நான் திரும்பிப் பார்த்த பார்வையில் உட்கார்ந்துவிட்டான். பாஞ்சாலி வளையல் பொட்டலத்தோடு எங்கள் பின்னால் வந்தாள்.

வீட்டு முன்னால் கொட்டகை போட்டு, பெஞ்சின் மேல் பெட்டியை வைத்திருந்தார்கள். அதே பச்சைப் புடவை. பாஞ்சாலி போய் இரண்டு கைக்கும் வளையலைப் போட்டாள். உள்ளே எங்கேயோ குழந்தை அழுதுகொண்டிருந்தது. தாண்டவராயன் பெட்டிக்கு நேராகப் போய் நின்றான். அத்தனை நாளும் தூரம் அளந்து அளந்து என் கண்ணுக்கும் அது பழகியிருந்தது. சரியாக எட்டு அடி. கேமராவைக் கண்ணில் வைத்தான், லென்ஸை முன்னால் தள்ளினான், அது எண்பதில் போய் முட்டி நின்றது. செத்தவர்களை எடுக்கும்போது தலையை நிமிர்த்துங்கள், கண்ணைத் திறந்து விடுங்கள் என்று சொந்தக்காரர்களை விரட்டுகிறவன் அவன். அன்றைக்கு எதுவும் சொல்லவில்லை. ஒரே ஒரு படம் எடுத்தான்.

படம் எடுத்தாகிவிட்டது என்று நான்கு பேர் மூடியைத் தூக்கி வந்தார்கள். தாண்டவராயன் வழி விடவில்லை. கேமராவை இறக்கிவிட்டு, பெட்டியை ஒட்டிப் போய் அவள் முகத்தின் மேல் குனிந்தான். இத்தனை வாரம் வராத குரல் அப்போது வந்தது, கொட்டகையில் இருந்த எல்லோருக்கும் கேட்கும்படி வந்தது.

"ஆச்சு கண்ணு. அப்பா சொல்லிட்டேன் பாரு, ஆச்சு. எறங்கி வா, வூட்டுக்குப் போலாம்."